சுவரில் விழாத கறுப்பு

"பத்தாயிரம் லூமன், 4கே, விலை எட்டாயிரம் ரூபாய்னு போட்டிருக்கே, வாங்கலாமா?" வீட்டுக்குப் புரொஜெக்டர் தேடும் வாசகர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிற கேள்வி இது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுவிட்டால் பதில் தானாக வந்துவிடும்.

லூமன் என்பது கருவி வீசும் மொத்த ஒளியின் அளவு; 4கே என்பது சுமார் 83 லட்சம் புள்ளிகள் கொண்ட படம். 100 அங்குலத் திரை என்றால் அகலம் 2.21 மீட்டர், உயரம் 1.25 மீட்டர், பரப்பு சுமார் 2.76 சதுர மீட்டர். சினிமா தியேட்டர் திரைக்கு வகுத்திருக்கும் பிரகாசம் 48 நிட் (திரை எவ்வளவு பளிச்சென்று தெரிகிறது என்பதன் அலகு). சாதாரண வெள்ளைத் திரையில் அது கிடைக்க 48 × 3.14 × 2.76, அதாவது ஏறக்குறைய 420 லூமன் போதும். நிறம் சரியாகத் தெரியும் மோடுக்கு மாற்றினால் வெளிச்சம் இறங்கும், நாளாக நாளாக விளக்கும் மங்கும். அதற்கும் சேர்த்து 800 முதல் 1000 ஆன்சி லூமன் (திரையில் விழும் ஒளியை அளந்து சொல்லும் லூமன்) வரை இருந்தால் இருட்டறைக்குத் தாராளம்.

விளம்பரத்தில் வரும் பத்தாயிரம் பெரும்பாலும் உள்ளே இருக்கும் எல்.இ.டி. கக்குகிற ஒளி, திரைக்கு வந்து சேர்கிற ஒளி இல்லை. மலிவு ரகத்தில் ஒற்றை எல்.சி.டி. பலகைதான் இருக்கும். அதில் ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தகடான போலரைசர் பாதிக்கு மேல் விழுங்கும். மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கை நிற வடிகட்டி விழுங்கும். ஆறில் ஒரு பங்குகூடத் தேறாது, அதிலும் ஒரு பகுதிதான் லென்ஸுக்குள் நுழையும். விழுங்கிய ஒளி முழுக்கச் சூடாக மாறுவதால் கொஞ்ச நாளில் போலரைசர் கருகி, படத்தின் நடுவே மஞ்சள் கறை விழுகிறது. '4கே சப்போர்ட்' என்பதும் 4கே படத்தை ஏற்றுக்கொள்ளும் என்ற அளவில்தான். கருவி உண்மையில் காட்டும் புள்ளிகளைச் சொல்வது 'நேட்டிவ்' என்று போட்டிருக்கும் எண், அதைப் பாருங்கள்.

லூமனைவிடப் பெரிய சிக்கல் கறுப்பு. கறுப்பு ஒளி என்று ஒன்று கிடையாது. எனவே எந்தப் புரொஜெக்டராலும் கறுப்பை வீச முடியாது. படத்தில் கறுப்பாக வரவேண்டிய இடத்தில் தெரிவது உங்கள் வீட்டுச் சுவர்தான். 20 வாட் எல்.இ.டி. டியூப் லைட் ஒன்றே சுமார் 2000 லூமன் தரும். அது எரியும்போது சுவரில் 100 லக்ஸ் (ஒரு சதுர மீட்டருக்கு 100 லூமன்) விழுகிறது என்று வைத்துக்கொண்டால், அதை 3.14-ஆல் வகுக்க, 'கறுப்பு' 32 நிட். 1000 லூமன் புரொஜெக்டரின் வெள்ளை, முதலில் போட்ட கணக்கைத் திருப்பினால் 115, இந்த 32-ஐயும் சேர்த்து 147. விகிதம் ஐந்துக்கு ஒன்றுகூட இல்லை! இரண்டு மடங்கு பணம் கொடுத்து 2000 லூமன் வாங்கினாலும் எட்டுக்கு ஒன்றுதான். லைட்டை அணைத்து ஜன்னலுக்குத் தடித்த திரைச்சீலை போட்டால் அதே பழைய கருவியில் விகிதம் நூற்றுக்கணக்கில் ஏறும். முதல் செலவு திரைச்சீலைக்கு.

கருவிக்குள் கறுப்பு எப்படி உருவாகிறது என்பதுதான் அழகு. குட்டிக் கண்ணாடிகளால் ஒளியைத் திருப்பிப் படம் காட்டும் டி.எல்.பி. வகையில் 0.47 அங்குலச் சிப் ஒன்றில் 1920 × 1080, அதாவது இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட அலுமினியக் கண்ணாடிகள் இருக்கின்றன. ஒன்றின் மையத்திலிருந்து அடுத்ததன் மையத்துக்கு 5.4 மைக்ரோமீட்டர், ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் பத்துப் பன்னிரண்டை அடுக்கிவிடலாம். ஒரு பக்கம் 17 டிகிரி சாய்ந்தால் ஒளி லென்ஸுக்குப் போகும். மறுபக்கம் சாய்ந்தால் உள்ளே உள்ள கறுப்புத் தடுப்பில் மோதிச் செத்துவிடும். நடுநிலை கிடையாது. அப்படியானால் சாம்பல் நிறம் எப்படி வருகிறது? நேரத்தைப் பிரித்துத்தான். ஒரு நிறத்துக்குக் கிடைக்கும் துளி நேரத்தை 1, 2, 4, 8 என்று 128 வரை துண்டுகளாக்கி, 255-க்கு 100 பங்கு பிரகாசம் வேண்டுமென்றால் 64, 32, 4 ஆகிய துண்டுகளில் மட்டும் லென்ஸ் பக்கம் சாயும். நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை நடக்கும் இந்தத் தலையாட்டலைக் கூட்டிச் சராசரி பார்ப்பது நம் கண். இதே சிப் 4கே காட்டும்போது, படத்தைத் துளித் துளியாக நான்கு இடங்களுக்கு நகர்த்தி 83 லட்சம் புள்ளிகளை நிரப்புகிறது.

அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் லாரி ஹார்ன்பெக் இந்த வேலையைத் தொடங்கியது 1977-ல். இரட்டைநிலைக் கண்ணாடி பிறந்தது 1987-ல், கடைக்கு வந்தது 1996-ல். பத்தொன்பது வருஷம் யாரோ பொறுமையாகச் சம்பளம் கொடுத்திருக்கிறார்கள். மூன்று வருஷத்தில் 'பலன் என்ன?' என்று கேட்டு நிதியை நிறுத்துகிற இடத்தில் இது விளைந்திருக்காது.

ஒற்றைச் சிப் என்பதால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் மாறி மாறித்தான் வரும். கண்ணை வேகமாகத் திருப்பினால் சிலருக்கு ஓரங்களில் வானவில் தெறிக்கும், தலைவலியும் வரும். கடையில் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து போடச் சொல்லி, கண்ணை இடம் வலமாக ஓட்டிப் பாருங்கள். தெறிப்பு தெரிந்தால் மூன்று பலகை எல்.சி.டி. வாங்குங்கள். அதில் மூன்று நிறமும் ஒரே நேரத்தில் வருவதால் இந்தத் தொல்லை இல்லை.

அறை அளவுக்கு 'த்ரோ ரேஷியோ' பார்க்க வேண்டும், அதாவது திரையின் அகலத்தைப் போல் எத்தனை மடங்கு தூரத்தில் கருவியை வைக்க வேண்டும் என்ற எண். 1.2 என்றால் 2.21 மீட்டர் அகலத்துக்கு 2.65 மீட்டர் தூரம், ஒன்பது அடிக்குச் சற்றுக் குறைவு. 1.5 என்றால் பதினோரு அடி. பத்தடி அறைக்கு ஆகாது. கருவியைத் திரைக்கு நேராக வையுங்கள். கோணலாக வைத்துக் கீஸ்டோனில் (கோணல் படத்தைக் கருவியே நேராக்கிக் காட்டும் வசதி) சரிசெய்தால் புள்ளிகள் வீணாகும், கறுக்காத அந்தக் கறுப்பு படத்தைச் சுற்றிச் சாம்பல் சட்டமாக நிற்கும்.

பழைய டி.எல்.பி. வாங்குகிறவர்கள் முழுக் கறுப்புப் படம் ஒன்றைப் போட்டுத் திரையை அருகில் நின்று தேடுங்கள். நட்சத்திரம் மாதிரி வெள்ளைப் புள்ளிகள் மின்னினால் அங்கெல்லாம் கண்ணாடி ஒட்டிக்கொண்டுவிட்டது. துடைத்தால் போகாது, சிப்பையே மாற்ற வேண்டும்.