கட்டைவிரலும் கத்தரியின் நுனியும்

முடிதிருத்தும் கத்தரிக்கோலின் அளவை அங்குலத்தில் சொல்வார்கள். பெரும்பாலானவை 4.5 முதல் 7 அங்குலத்துக்குள் அடங்கும். அலகின் நுனியிலிருந்து விரல் வளையத்தின் கடைசி வரைதான் கணக்கு. சுண்டுவிரலைத் தாங்கும் வால் அதில் சேராது.

கத்தரி ஒரு நெம்புகோல். நடுவிலுள்ள திருகைச் சுற்றித்தான் அது இயங்குகிறது. பழகிய கையில் மோதிரவிரல் பிடித்திருக்கும் அலகு அசையாது. கட்டைவிரல் மட்டுமே மற்ற அலகைத் திறந்து மூடும். திருகிலிருந்து கட்டைவிரல் வரை 7 செ.மீ., நுனி வரையும் 7 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். விரல் நகரும் அளவே நுனியும் நகரும். இப்போது அலகை மட்டும் 10 செ.மீ. ஆக்கிப் பாருங்கள். விரல் 1 மி.மீ. நடுங்கினால் நுனி ஏறக்குறைய 1.4 மி.மீ. துள்ளும், நுனிக்குக் கிடைக்கும் விசையோ பத்தில் ஏழு பங்காகிவிடும். காதோரத்திலும் நெற்றி முடியிலும் குட்டைக் கத்தரி சொன்னபடி கேட்பது இதனால்தான். சீப்பின் மேல் முடியை எடுத்து வெட்டும்போது நிலைமை தலைகீழ். அங்கே நீண்ட அலகு ஒரே வெட்டில் அகலமாக முடியை எடுக்கும். படிப்படியாக விழும் தடங்கள் குறையும்.

எல்லா வேலைக்கும் ஒன்றே வேண்டுமென்றால், அலகை நடுவிரலோடு ஒட்டி வைத்துப் பாருங்கள். இரண்டும் ஏறத்தாழச் சமமாக இருப்பது நல்ல தொடக்கம்.

ஆனால் என்னைக் கேட்டால், நீளத்துக்கு முன்பே வளையத்தைப் பார்க்கச் சொல்வேன். கட்டைவிரல் நகத்தின் அடி வரை மட்டுமே உள்ளே போக வேண்டும். வளையம் பெரிதானால் விரல் மூட்டு வரை நழுவி இறங்கும். பிறகு விரல் தனியாக அசையாது, உள்ளங்கை முழுவதும் சேர்ந்து இறுக்கும். கட்டைவிரல் பக்கத்துக் கைப்பிடி சற்றுக் குட்டையாக அமைந்த கத்தரிகளும் உண்டு. கட்டைவிரல் இயல்பாகவே மற்ற விரல்களுக்குப் பின்தங்கி நிற்பதால், அவற்றைப் பிடிக்கும்போது அதன் அடித்தசை இழுபடாது. நாள் முழுவதும் நின்று வெட்டுபவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

வாங்குமுன் வெறுங்காற்றில் இருபது முறை திறந்து மூடுங்கள். கண் அசையாத அலகின் நுனியிலேயே இருக்கட்டும். அதுவும் ஆடினால், முதலில் வளையத்துக்குள் ரப்பர் வளையம் ஒன்றைச் செருகிப் பாருங்கள். அப்போதும் ஆடினால், அரை அங்குலம் குறைந்ததைக் கையில் எடுங்கள்.