டிரஃபிள்: ‘உணவு பண்டம்’ அல்ல, ‘கிழங்குக்காளான்’ அல்ல

‘வீட்டிலேயே சாக்லேட் உணவு பண்டங்கள் செய்வது எப்படி?’ இப்படி ஒரு தலைப்பு கண்ணில் படாத வாரமே இல்லை என்றாகிவிட்டது. சாக்லேட் தெரியும், உணவு தெரியும், பண்டமும் தெரியும். மூன்றையும் சேர்த்தால் என்ன வரும் என்பதுதான் தெரியாது. உள்ளே போய்ப் படித்த பிறகே புரிகிறது, அவர்கள் செய்யச் சொல்வது சாக்லேட்டும் கிரீமும் கலந்து உருட்டும் சாக்லேட் டிரஃபிள் என்ற இனிப்பை என்று. ‘டிரஃபிள்’ என்பதை ஏதோ ஒரு மொழிபெயர்ப்புப் பொறி ‘உணவு பண்டங்கள்’ என்று துப்பியிருக்கிறது. அதை அள்ளி ஒட்டியவருக்கு நடுவில் ஒரு ‘ப்’ போடக்கூட மனம் வரவில்லை. உணவுப் பண்டம் என்று போட்டிருந்தால் சந்தியாவது பிழைத்திருக்கும். பொருள் பிழைத்திருக்காது, உப்பும் உணவுப் பண்டம், ரொட்டியும் உணவுப் பண்டம். எதையும் குறிக்காத ஒரு சொல்லை எதற்கு வேண்டுமானாலும் ஒட்டலாம் என்ற தைரியம்தான் இது.

சொல்லின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இலத்தீனில் ‘டூபர்’ என்றால் புடைப்பு, கட்டி. பேச்சு இலத்தீனில் அது திரிந்து, தென் பிரான்சின் மொழியில் ‘ட்ரூஃபா’ ஆனது. பிரெஞ்சில் ‘ட்ரூஃப்’, 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்தில் ‘டிரஃபிள்’. ஓக், ஹேசல் மரங்களின் வேரோடு உறவு வைத்துக்கொண்டு மண்ணுக்கு அடியில் வளரும் ஒரு பூஞ்சைக்குத்தான் இந்தப் பெயர். பன்றியையும் நாயையும் மோப்பம் பிடிக்கவிட்டுத் தோண்டி எடுப்பார்கள். அதன் பேரினப் பெயர் இன்றைக்கும் ‘டூபர்’தான், பிரான்சின் கறுப்பு வகைக்கு டூபர் மெலனோஸ்போரம் என்று பெயர்.

சாக்லேட் இனிப்பு அந்தப் பெயரை வாங்கிக்கொண்டது வெகு பின்னால், 19ஆம் நூற்றாண்டின் முடிவில், பிரான்சில். ஷாம்பேரி நகரத்தில் லூயி டுஃபூர் என்ற மிட்டாய்க்காரர் 1895 டிசம்பரில் முதலில் செய்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதையை விடுங்கள், பெயர் ஏன் ஒட்டியது என்பதை ஒரு முறை கையால் செய்து பார்த்தவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

200 கிராம் கறுப்புச் சாக்லேட்டைப் பொடியாகச் சீவி ஒரு கிண்ணத்தில் போடுகிறோம். 100 கிராம் கொழுப்பு மிகுந்த கிரீமை, ஓரத்தில் குமிழி கட்டும்வரை மட்டும் சூடாக்கி அதன்மேல் ஊற்றுகிறோம். இரண்டு நிமிடம் தொடக்கூடாது. பிறகு கிண்ணத்தின் நடுவிலிருந்து சின்ன வட்டமாகக் கலக்கத் தொடங்கினால், முதலில் திட்டுத் திட்டாகக் கெட்டுப்போன மாதிரித்தான் இருக்கும். கொஞ்சம் பொறுத்தால் நடுவில் ஒரு பளபளப்பு தோன்றி வெளியே பரவும். கொழுப்பும் நீரும் ஒன்றுக்குள் ஒன்று பிணைந்துவிட்டன என்று அர்த்தம். எண்ணெய் பிரிந்து மேலே மிதந்தால் ஒரு கரண்டி வெதுவெதுப்பான பால் விட்டுக் கலக்கினால் பெரும்பாலும் கூடிவிடும். இந்தக் கலவைக்குப் பிரெஞ்சில் ‘கனாஷ்’ என்று பெயர். அதைக் குளிரவைத்து, கரண்டியால் எடுத்து உள்ளங்கையில் உருட்ட வேண்டும். சாக்லேட்டில் இருக்கும் கொக்கோ வெண்ணெய் உருகுவது ஏறக்குறைய 34 பாகை செல்சியஸில். உடம்பின் சூடு அதைவிடக் கூடுதல். அதனால் உருட்ட உருட்டவே மேற்பரப்பு கையில் இழுவிக்கொண்டு வரும், ஒழுங்கான கோளமாக வராது. கோணல் மாணலான அந்தக் கட்டியைக் கொக்கோத் தூளில் புரட்டி எடுத்தால், மண்ணோடு தோண்டிய பூஞ்சையும் இதுவும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிற மாதிரி இருக்கும். பெயருக்கு இருக்கும் காரணம் அவ்வளவுதான். உள்ளே பூஞ்சை கிடையாது, அதன் வாசனையும் கிடையாது.

இங்கேதான் நம் தூய்மைவாத நண்பர்கள் சிலரோடு எனக்கு வழக்கு. ‘உணவு பண்டம்’ கும்பலாவது யோசிக்காமல் எழுதியது. இவர்கள் யோசித்து எழுதுகிறார்கள்: ‘சாக்லேட் கிழங்குக்காளான்’. சாக்லேட் என்பதும் கூடாது என்பவர்கள் ‘காவிக்கண்டுக் கிழங்குக்காளான்’ வரைக்கும் போகிறார்கள். காவிக்கண்டு, இன்னட்டு என்று சாக்லேட்டுக்கு இருக்கும் ஆக்கங்களோடு எனக்குப் பகை இல்லை. யாரும் கேட்டு வாங்காத வரை அவை பட்டியலில் இருந்துவிட்டுப் போகட்டும். என் சண்டை கிழங்கோடும் காளானோடும்தான்.

அவர்கள் வாதம் இது: மூலமொழிக்காரன் பூஞ்சையின் பெயரைத்தானே இனிப்புக்கு வைத்தான், நாமும் அந்தப் பூஞ்சைக்கு ஒரு தமிழ்ச்சொல் செய்து அதையே இனிப்புக்கும் வைப்பதுதான் நேர்மை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே வைத்தது உவமைப் பெயர். உவமை, உவமானத்தைப் பார்த்தவனிடம்தான் செல்லும். அந்தப் பூஞ்சையைக் கண்டவன் இனிப்பைப் பார்த்ததும் ‘அட, அதே மாதிரி’ என்பான். காணாதவனிடம் ‘சாக்லேட் கிழங்குக்காளான்’ என்றால் அவன் மனத்தில் உவமை எழாது, பொருட்பட்டியல்தான் எழும்: சாக்லேட் கொஞ்சம், கிழங்கு கொஞ்சம், காளான் கொஞ்சம். காளானை விலக்கி வைத்திருப்பவர் தட்டையே தள்ளிவிடுவார். இல்லாத ஒன்றை உண்டென்று சொல்லும் பெயரை நேர்மையான பெயர் என்று எப்படி ஏற்பது?

அடுத்து, அந்தச் சொல் பூஞ்சைக்கே பொருந்துகிறதா? காளான் என்றதும் தமிழ்க் காதில் விழுவது குடை. நாய்க்குடை என்றே ஒரு பெயர் வைத்திருக்கிறோம். டிரஃபிளுக்குக் குடையும் இல்லை, காம்பும் இல்லை. கிழங்கு என்பது செடியின் உறுப்பு; பூஞ்சை செடியே அல்ல. ‘இலத்தீனிலேயே டூபர் என்றுதானே இருக்கிறது, அது கிழங்குதானே’ என்பார்கள். இலத்தீன்காரன் டூபர் என்று சொன்னது கட்டியை, புடைப்பை. தாவரவியல் அதைக் கிழங்குக்கு எடுத்துக்கொண்டது பிறகு. பின்னால் வந்த பொருளை முன்னால் கொண்டுபோய் வைத்து மொழிபெயர்ப்பது, பேரனின் சட்டையைத் தாத்தாவுக்கு மாட்டுகிற வேலை.

கிழங்கு என்றதால் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இத்தாலியில் இந்தப் பூஞ்சைக்கு ‘டர்ட்டூஃபோ’ என்று பெயர். அதன் செல்ல வடிவம் ‘டர்ட்டூஃபோலோ’. மண்ணுக்குள்ளிருந்து எடுக்கும் இன்னொரு கட்டி என்பதால் அதே சொல் ஜெர்மன் மொழிக்குப் போய் உருளைக்கிழங்குக்குப் பெயரானது: ‘கார்டோஃபல்’. அதே கிழங்கு தமிழுக்கு வந்தபோது நாம் என்ன செய்தோம்? ‘காளான்கிழங்கு’ என்று ஜெர்மன்காரனைப் பின்பற்றவில்லை. கண்ணால் பார்த்தோம், உருண்டு திரண்டிருந்தது, உருளைக்கிழங்கு என்றோம். ஒருவரும் விளக்கம் கேட்கவில்லை. பொருளின் வடிவையும் தன்மையையும் பார்த்துப் பெயரிடுவது தமிழுக்குக் கைவந்த வழி. மூலச்சொல்லின் பிறப்புச் சான்றிதழைத் தேடி ஓடுவது நேற்று வந்த பழக்கம்.

அப்படியானால் ‘சாக்லேட் உருண்டை’ போதாதா? பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள், நான் குறை சொல்ல மாட்டேன். உருள் என்ற வேரிலிருந்து உருளை, உருட்டு, உருண்டை எல்லாம் வருகின்றன. நூலுருண்டை, மண்ணுருண்டை என்று எதனோடும் இயல்பாகச் சேரும். எனக்கு இருக்கும் ஒரே மனக்குறை, அது அளவுக்கு மீறி இடம் கொடுக்கிறது. பிஸ்கட் தூளை இனிப்புப் பாலில் பிசைந்து உருட்டினாலும் சாக்லேட் உருண்டை, கெட்டிச் சாக்லேட்டை அச்சில் வார்த்தாலும் சாக்லேட் உருண்டை. டிரஃபிளை டிரஃபிள் ஆக்குவது உருண்டை வடிவம்கூட அல்ல. சதுரமாக வெட்டியும் விற்கிறார்கள். அதன் உயிர் உள்ளே இருக்கும் அந்தக் குழைவு. பல்லுக்கு வேலை வைக்காமல் நாக்கில் இளகுவது.

ஆகவே என் பரிந்துரை: குழையுருண்டை. சாக்லேட் குழையுருண்டை. இது வினைத்தொகை. குழைந்த கலவையால் ஆனது, உருட்டும்போது கையில் குழைகிறது, வாயில் போட்டால் குழையும். முக்காலமும் ஒரு சொல்லில் பொருந்தி வருவது எப்போதாவதுதான் நடக்கும். பதம் தப்பி வெந்ததைத்தானே குழைந்துபோனது என்போம் என்று ஒருவர் கேட்டார். குழையக்கூடாதது குழைந்தால் பழுது, குழைய வேண்டியது குழைந்தால் பதம். பாட்டில் குரல் குழைவதை யாராவது குறை சொல்வார்களா? குழை என்றால் காதணி ஆயிற்றே என்று இன்னொருவர். இருக்கட்டுமே. பின்னால் உருண்டை நிற்கும்போது யாரும் அதைக் காதில் மாட்டப் போவதில்லை. சதுரமாக வெட்டுகிறவர்கள் ‘குழை வில்லை’ என்று வைத்துக்கொள்ளட்டும்.

இதே வேரில் கனாஷையும் முடித்துவிடலாம்: சாக்லேட் குழைவு. கனாஷ் என்பது பிரெஞ்சுப் பேச்சில் மண்டூகம் என்ற வசவு. தாடையைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. சாக்லேட்டில் கை தவறிப் பாலை ஊற்றிய பயிற்சிப் பையனைத் திட்டியதில் பெயர் ஒட்டியது என்று சமையற்காரர்கள் சொல்வார்கள். நல்ல கதை, சான்று கிடையாது. எப்படியானாலும் அது ‘கனாச்சே’ இல்லை. எழுத்தைக் கூட்டிப் படித்துவிட்டு அப்படியே எழுதுகிறார்கள்.

கடன்சொல்லாகவே வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அந்த ஆய்தத்தை விழுங்காதீர்கள். ‘சாக்லேட் டிரபிள்’ என்று அச்சடித்தால் சாக்லேட்டால் வந்த வம்பு என்றுதான் படிக்கத் தோன்றும். ‘டிரைஃபிள்’ என்று எழுதினால் அது வேறு பண்டம்: கேக்கும் கஸ்டர்டும் பழமுமாக அடுக்கி வைக்கும் இங்கிலாந்து இனிப்பு. இரண்டையும் மாற்றி மாற்றி எழுதிய குறிப்புகள் ஏராளம்.

உண்மையில் ஒரு சொல்லோடு நின்றிருந்தால் இவ்வளவு புலம்பியிருக்க மாட்டேன். ‘உணவு பண்டங்கள்’ என்று தொடங்கும் குறிப்பு எதுவும் அந்த ஒரு தப்போடு முடிவதில்லை. ‘கனமான கிரீம்’ எடுக்கச் சொல்கிறது. கிரீமில் பார்க்க வேண்டியது எடையை அல்ல, கொழுப்பை. 35 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்ற தேவையான செய்தி அந்தக் ‘கன’த்துக்குள் புதைந்துபோகிறது. சாக்லேட்டை ‘இரட்டைக் கொதிகலனில்’ உருக்கச் சொல்கிறது. கொதிகலன் ஆலையில் இருப்பது. கொதிக்கும் நீருக்கு மேல் கிண்ணத்தை வைத்து ஆவியில் உருக்குங்கள் என்றால் யாருக்குப் புரியாது? அப்புறம் ‘துடைப்பத்தால் நன்றாகக் கலக்கவும்’. கம்பிக் கரண்டி பாவம், துடைப்பமாகிவிட்டது. கடைசியில் ‘கொக்கோ தூசியால் மூடவும்’. இத்தனை பாடுபட்டு உருட்டியதைத் தூசியில் போடவா? தூள் தூவுங்கள், தூளில் புரட்டுங்கள்; தமிழில் வினைக்கா பஞ்சம்?

பொறி தப்பு செய்வது இயல்பு. அதைப் படித்துப் பார்க்காமல் வெளியிடுகிறவர் ஒரு தடவையாவது அடுப்படிக்குப் போயிருந்தால் துடைப்பம் கண்ணை உறுத்தியிருக்காதா? எழுதுகிறவரும் செய்து பார்த்ததில்லை, திருத்துகிறவரும் தின்று பார்த்ததில்லை என்பதுதான் இந்தக் குறிப்புகளில் எனக்குத் தெரியும் ஒரே உண்மை.

பூஞ்சையை என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதை இப்போதைக்கு டிரஃபிள் பூஞ்சை என்றே விடலாம். இனிப்புக்குக் குழையுருண்டை தனியாக நிற்பதால், டிரஃபிள் எண்ணெய் விட்ட பண்டத்தையும் சாக்லேட் டிரஃபிளையும் வாசகர் குழப்பிக்கொள்ள வழியில்லை. குறிப்பு எழுதுகிறவர்கள் முதல் முறை வரும் இடத்தில் ‘டிரஃபிள் எனப்படும் சாக்லேட் குழையுருண்டை’ என்று போட்டுவிட்டு, அதற்குப் பிறகு குழையுருண்டை என்று மட்டும் எழுதினால் போதும். பிடிக்கவில்லையா, சாக்லேட் உருண்டை என்று எழுதுங்கள், சண்டைக்கு வரமாட்டேன். ‘உணவு பண்டங்கள்’ என்று எழுதினால் வருவேன்.