லீவ் நோ ட்ரேஸ்: சுவடின்றித் தங்கல்

காட்டிலோ மலையிலோ கூடாரம் போட்டுத் தங்கியவர்கள், தாங்கள் வந்துபோனதே அடுத்து வருபவருக்குத் தெரியாதபடி இடத்தை விட்டுச் செல்ல வேண்டும். இந்த நெறிக்குத்தான் ‘லீவ் நோ ட்ரேஸ்’ என்று பெயர். ‘குப்பை போடாதீர்கள்’ என்பதற்கு இன்னொரு பெயர் என்றே பலரும் நினைக்கிறார்கள். குப்பை அதில் ஒரு பங்குதான்.

பிறந்த இடம் அமெரிக்கா. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கே காடுகளுக்குப் போகிறவர்கள் பெருகினார்கள். 1964-இல் வந்த வனப்பகுதிச் சட்டம், மனிதன் அங்கே வந்துபோகிறவன், தங்கிவிடுகிறவன் அல்ல என்று வரையறுத்தது. அந்த எண்ணத்தை ஒட்டியே வனத்துறை பயணிகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியது. 1994-இல் இதற்கென்று தனி அமைப்பும் உருவானது. முன்கூட்டியே திட்டமிடுவதில் தொடங்கி, அக்கம்பக்கத்தில் இருப்பவர்களுக்கு இடைஞ்சல் செய்யாதிருப்பதில் முடியும் ஏழு நெறிகளை அது கற்பிக்கிறது.

‘ட்ரேஸ்’ என்பதன் வேர் லத்தீனில் ‘இழு’ என்று பொருள்படும் சொல். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. போனவர் விட்டுப்போன தடம் என்பது இன்றைய பொருள்.

சரி, எதெல்லாம் தடம்? தீ மூட்டிய இடத்தைக் கிளறிப் பாருங்கள். சாம்பலை அள்ளிவிட்டாலும் அடியில் மண் வெந்து கிடக்கும். அதிலிருந்த விதையும் வேரும் செத்திருக்கும். அந்த வட்டத்தில் மறுபடி புல் முளைக்க நாளாகும். அதனால்தான் சமையலுக்குச் சின்ன காஸ் அடுப்பே போதும் என்கிறார்கள். நம் காப்புக்காடுகளிலோ அனுமதியின்றித் தீ மூட்டுவதே குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ மலையேறப் போனவர்களின் உயிரைப் பறித்ததை நாம் மறக்கக் கூடாது.

ஓடையும் அப்படித்தான். மூலிகை சோப்பு என்றாலும் தண்ணீருக்குள் நின்று தேய்க்கக் கூடாது. பாத்திரத்தில் மொண்டுகொண்டு 60 மீட்டராவது தள்ளிப்போய்க் கழுவி, மண்ணில் ஊற்ற வேண்டும். மலம் கழிக்கவும் அதே தூரம். 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழக் குழி தோண்டி மூட வேண்டும். ‘மக்கிவிடும்’ என்று வீசுகிற ஆரஞ்சுத் தோல் குளிர்ந்த மலையில் மாதக்கணக்கில் கிடக்கும். அதற்குள் குரங்குகள் அதைத் தின்னப் பழகி, அடுத்து வருபவரின் பையைப் பிடுங்க ஆரம்பிக்கும்.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? ‘தடயம் விடாதே’ என்றால் போலீஸ் வழக்கின் வாடை அடிக்கிறது. கூடாரம் போட்டுத் தங்குவதைச் சொல்ல ‘முகாம்’ இருக்கிறது. அது அரபியிலிருந்து வந்து ஊன்றிவிட்ட சொல். ஆனால் அது அதிகாரிகளையும் மருத்துவர்களையும்தான் நினைவூட்டுகிறது. ‘பாடி’, ‘பாசறை’ இரண்டும் படை தங்கும் இடங்கள். முல்லைப்பாட்டில் வரும் பாடியே பிடவச் செடிகளும் பசும்புதர்களும் அழிக்கப்பட்டு, முள்வேலி வளைத்த இடம்தான். இந்த நெறிக்கு நேர் எதிர்.

நம் பேச்சில் ஏற்கெனவே இருக்கிறது: ‘வந்த சுவடு தெரியாமல் போய்விட்டான்.’ கால் பதிந்த அடையாளம்தான் சுவடு. அதனால் ‘சுவடின்றித் தங்கல்’ என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. நெறியைக் குறிக்கச் ‘சுவடிலா நெறி’ எனலாம். வழிகாட்டிப் பலகையில் எழுத ‘வந்த சுவடு தெரியாமல் திரும்புங்கள்’ என்பதே போதும். ஊர்க்காரருக்கும் வெளியூர்க்காரருக்கும் விளக்கம் தேவைப்படாது.