சிறிய கம்பெனியின் சர்வரை யார் தேடி வருவார்கள்?

திருப்பூர் ஜாப்வொர்க் யூனிட்டுகள், சோமனூர் விசைத்தறிக் கூடங்கள், கோவை பம்ப்செட் உதிரிபாகப் பட்டறைகள், நாமக்கல் லாரி அலுவலகங்கள். நான் கணினிகளைப் பராமரிக்கும் இடங்கள் பெரும்பாலும் இப்படிப்பட்டவைதான். பாதுகாப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் எங்கும் ஒரே பதில்: "நம்மிடம் என்ன இருக்கிறதுங்க? நம்மைத் தேடி யார் வரப்போகிறார்கள்?"

யாரும் தேடி வருவதில்லை. இணையத்தில் ஒவ்வொரு இணைப்புக்கும் ஐபி முகவரி என்று ஓர் எண் உண்டு. பழைய ஐபிவி4 முறையில் உள்ள சுமார் 430 கோடி முகவரிகளையும் மென்பொருள்கள் ஓயாமல் வரிசையாகத் தட்டிப் பார்க்கின்றன. தெருவில் ஒவ்வொரு கதவாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டே போகிறவனுக்கு வீட்டுக்காரர் பெயர் எதற்கு? எந்தக் கதவு திறந்திருக்கிறது என்பது மட்டும் போதும்.

நம் ஊர்களில் அந்தக் கதவு பெரும்பாலும் ரிமோட் டெஸ்க்டாப், அதாவது அலுவலகக் கணினியை வெளியிலிருந்தே இயக்கும் விண்டோஸ் வசதி. முதலாளி இரவில் வீட்டிலிருந்து டாலி என்ற கணக்கு மென்பொருளைப் பார்க்க வேண்டும், ஆடிட்டர் அவர் அலுவலகத்திலிருந்தே நுழைய வேண்டும் என்பதற்காக ரூட்டரில் அந்த வசதிக்கான 3389 என்ற போர்ட்டை, அதாவது நுழைவாயில் எண்ணைத் திறந்து விட்டிருப்பார்கள். அது திறந்திருக்கிறது என்பதே பிறகு மறந்துபோகும். வேறு எண்ணுக்கு மாற்றிவிட்டோம் என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். எல்லா எண்களையும் தட்டிப் பார்க்கிற மென்பொருளுக்கு அது தடையே இல்லை.

சொன்னால் நம்பாதவர்களுக்கு அவர்கள் சர்வரையே திறந்து காட்டுகிறேன். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவன்ட் வியூவரில் செக்யூரிட்டி பகுதிக்குப் போய் 4625 என்ற எண்ணை வடிகட்டிப் பாருங்கள். தோற்றுப்போன ஒவ்வொரு நுழைவு முயற்சியும் அதில் ஒரு வரி. ஒரு பனியன் கம்பெனியில் முதலாளியை அருகில் உட்கார வைத்து அப்படிப் பார்த்தோம். அட்மினிஸ்ட்ரேட்டர், அட்மின், டாலி, அக்கவுன்ட்ஸ், டெஸ்ட் என்று பெயர் மாறி மாறி, ஞாயிறு விடியற்காலையில், நொடிக்கு நொடி வரிகள். "நம்ம பசங்க பாஸ்வேர்டை மறந்து அடித்ததாக இருக்குமோ?" என்றார். சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்ட பிறகு வந்த முயற்சிகள் அவை. அன்றைக்கே போர்ட்டை மூடச் சொன்னார். வெளியிலிருந்து வருகிறவர்கள் இப்போது விபிஎன் என்ற பூட்டப்பட்ட தனிப்பாதை வழியாக, மொபைலில் வரும் குறியீட்டையும் கொடுத்துத்தான் நுழைகிறார்கள்.

அடுத்தது கணக்கு முடக்கம், அதாவது பாஸ்வேர்டைப் பலமுறை தவறாக அடித்தால் அந்தப் பயனர் கணக்கு சிறிது நேரம் பூட்டிக்கொள்வது. பல பழைய சர்வர்களில் எத்தனை முறை தவறாக அடித்தாலும் கணக்கு முடங்காது. நொடிக்கு பத்து முயற்சி என்று வைத்தால் நான்கு இலக்க எண்ணின் 10,000 வாய்ப்புகளும் 17 நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். பத்து முறை தவறினால் பத்து நிமிடம் முடக்கம் என்று அமைத்தால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1,440 முயற்சிதான் முடியும். அப்போதும் அந்த நான்கு இலக்கம் ஒரு வாரம்தான் தாங்கும் என்பதைக் கவனியுங்கள். முடக்கம் இருக்கிறது என்று பலவீனமான பாஸ்வேர்டை வைத்திருக்க முடியாது. தாறுமாறான எட்டு சிறிய ஆங்கில எழுத்துகள் என்றாலே 20,000 கோடிக்கு மேல் வாய்ப்புகள். ஆனால் நான் பார்ப்பதோ கம்பெனி பெயரும் 123-ம், முருகன் பெயரும் 1234-ம், கார் நம்பரும்தான். இப்படிப்பட்டவை யூகப் பட்டியலின் முதல் பக்கத்திலேயே இருக்கும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்து எழுதுங்கள். நீளமாகவும் இருக்கும், நினைவிலும் நிற்கும்.

விண்டோஸில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. உள்ளமைந்த அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு நெடுங்காலம் இந்த முடக்கத்துக்கு உட்படாமலே இருந்தது. 2022 அக்டோபர் அப்டேட்டில்தான் அதையும் முடக்கும் வசதி வந்தது. அப்டேட்டை நிறுத்தி வைத்திருக்கும் சர்வர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

சரக்கு அனுப்பவும் பில் போடவும் பயன்படும் ஜிஎஸ்டியின் ஈ-வே பில், ஈ-இன்வாய்ஸ் தளங்களில் 2025 ஏப்ரல் முதல் எல்லோருக்கும் இரண்டு அடுக்கு நுழைவு கட்டாயமாகிவிட்டது. இரவில் லோடு ஏற்றி லாரி நிற்கும்போது ஓடிபி முதலாளி போனுக்குப் போகிறது என்ற சலிப்பு நியாயமானது. அதற்காக ஓடிபியை வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்ளாதீர்கள். அந்த ஊழியருக்கு அவருடைய மொபைல் எண்ணிலேயே துணைப் பயனர் கணக்கு உருவாக்கிக் கொடுக்கலாம். டாலியிலும் ஆளுக்கொரு பயனர் பெயர் வேண்டும். தீபாவளி போனஸ் வாங்கிக்கொண்டு ஆள் வேறு கம்பெனிக்குப் போனால் அவர் கணக்கை அன்றைக்கே மூடிவிட முடியும்.

4625 வரிகளின் நடுவே அறிமுகமில்லாத முகவரியிலிருந்து ஒரு 4624, அதாவது வெற்றி பெற்ற நுழைவின் வரி இருந்தால், யாரோ உள்ளே நுழைந்துவிட்டார்கள் என்று பொருள். உடனே நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள். பதற்றத்தில் ஃபார்மட் செய்துவிடாதீர்கள், தடயம் அழிந்துவிடும். பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 உத்தரவுப்படி, நிறுவனங்கள் இத்தகைய ஊடுருவலை 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும்.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் திருப்பூரே காலியாகும் நாட்களில் சர்வரை அணைத்துவிட்டுப் போங்கள். பேக்கப் எடுத்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். செருகியே இருந்தால் கோப்புகளைப் பூட்டும் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். விடுமுறைக்கு முன்பே அந்த பேக்கப்பிலிருந்து ஒரு மாதக் கணக்கை வேறொரு கணினியில் மீட்டெடுத்து, திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.