பூனைக்கு உடம்பு மோசம், கையில் பணம் இல்லை: அதை முதல் நாளே சொல்லுங்கள்

வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கங்களிலிருந்து என்னிடம் பூனையைத் தூக்கி வருபவர்களில் பலர் நோயைவிடச் செலவை நினைத்தே அதிகம் பயப்படுகிறார்கள், ஆனால் அந்தப் பயத்தை மட்டும் வாய்விட்டுச் சொல்வதில்லை. 'பணத்துக்கு ஏற்பாடு செய்துகொண்டு போகலாம்' என்று வீட்டிலேயே காத்திருக்கிறார்கள். ஒரு கால்நடை மருத்துவராக நான் பார்த்தவரை, பூனையின் உயிருக்கும் வீட்டின் பணத்துக்கும் அதிக சேதம் விளைவிப்பது இந்தக் காத்திருப்புதான்.

ஆண் பூனைக்கு வரும் சிறுநீர் அடைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண் பூனையின் சிறுநீர்க்குழாய் மிகக் குறுகலானது என்பதால், சிறுநீரில் உருவாகும் படிகங்களும் சளி போன்ற பொருளும் சேர்ந்து அதை முழுவதுமாக அடைத்துவிடும். பூனை அடிக்கடி மண் தட்டுக்குப் போய் முக்கும், கத்தும், ஆனால் ஒரு சொட்டும் வராது. வீட்டில் இருப்பவர்கள் இதை மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துப் பார்ப்பார்கள். இதற்கிடையில் வெளியேற வேண்டிய பொட்டாசியம் இரத்தத்தில் ஏறி, இதயத் துடிப்பைக் குறைத்து, இரண்டு மூன்று நாட்களில் உயிரை எடுத்துவிடும். முதல் நாளிலேயே வந்தால் மயக்கம் கொடுத்து, டியூப் போட்டு, ட்ரிப்ஸ் ஏற்றி, பெரும்பாலான பூனைகளைக் காப்பாற்றிவிடலாம். மூன்றாம் நாள் வரும் பூனைக்குச் சிறுநீரகமும் இதயமும் பாதிக்கப்பட்டிருக்கும், ஆகவே செலவு கூடும், பிழைக்கும் வாய்ப்பு குறையும்.

காசிமேட்டில் மீன் விற்கும் ஓர் அம்மா அப்படி மூன்றாம் நாள் வந்தார். பூனையின் வயிற்றைத் தொட்டால் சிறுநீர்ப்பை எலுமிச்சம்பழம் போல இறுகியிருந்தது. "காசு பொரட்டிக்கினு வரலாம்னு இருந்துட்டேன் டாக்டர்" என்றார். பொரட்டியது தண்டல் பணம். பூனை பிழைத்தது, ஆனால் அந்தக் கடனைப் பல வாரங்கள் தினமும் கட்டிக்கொண்டிருந்தார். அவர் முதல் நாளே வெறுங்கையோடு வந்திருந்தாலும் அடைப்பை நீக்கி, மேல் சிகிச்சைக்கு வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்கு அனுப்பியிருக்க முடியும்.

1903-இல் தொடங்கப்பட்ட சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி மருத்துவமனையில் எக்ஸ்ரே, ஸ்கேன், அறுவை சிகிச்சை எல்லாம் உண்டு, கட்டணமும் தனியார் மருத்துவமனைகளைவிட மிகக் குறைவு. திருவொற்றியூர், மணலிப் பக்கம் இருப்பவர்களுக்கு மாதவரம் பால் பண்ணையிலும் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவமனை ஒன்று இருக்கிறது. கூட்டம் இருக்கும் என்பதால் காலையிலேயே போய்விடுவது நல்லது, சில மருந்துகளை வெளியே வாங்கச் சொல்வார்கள் என்பதையும் நினைவில் வைத்திருங்கள். பல கிளினிக்குகளுக்கு அலைந்து கைப்பணம் கரைந்த பிறகு கடைசிப் புகலிடமாக அங்கே போகாமல், ஆரம்பத்திலேயே போங்கள்.

தனியாரிடம் போனாலும் உள்ளே நுழைந்ததும் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: "என்னால் இவ்வளவுதான் முடியும்." இதைக் கேட்டு எந்த நல்ல மருத்துவரும் முகம் சுளிக்க மாட்டார். எந்தப் பரிசோதனையின் முடிவு சிகிச்சையை மாற்றும், எதை நாளைக்குத் தள்ளலாம், எந்த மருந்தை வீட்டிலேயே கொடுக்கலாம் என்று பிரித்துச் சொல்ல எங்களுக்கு அந்தத் தொகை தெரிந்தாக வேண்டும். எஸ்டிமேட்டை எழுதி வாங்குங்கள். தவணையாகக் கட்டலாமா என்று கேளுங்கள், இல்லை என்று சொல்லும் இடங்களும் உண்டு. ஆனால் செலவுக்குப் பயந்து மனிதர்களுக்கான காய்ச்சல் மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பாராசிட்டமாலை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு இல்லை, 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே அதைக் கொல்லப் போதும்.

பிறரிடம் உதவி கேட்பதில் வெட்கப்பட எதுவுமில்லை, ஆனால் கேட்கும் விதத்தில் நேர்மை தெரிய வேண்டும். அழும் பூனையின் படத்தோடு ஒரு கியூஆர் கோடை மட்டும் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் போட்டால், கொடுக்க நினைப்பவர்களுக்கும் சந்தேகம் வரும், ஏனென்றால் ஒரே படத்தை வைத்துப் பலரை ஏமாற்றுபவர்களும் இருக்கிறார்கள். நோயின் பெயர், மருத்துவர் சொன்ன பிழைக்கும் வாய்ப்பு, எஸ்டிமேட், நீங்கள் ஏற்கெனவே கட்டிய தொகை ஆகியவற்றை எழுதுங்கள். முடிந்தால் பணத்தை மருத்துவமனையின் கணக்குக்கே நேராக அனுப்பச் சொல்லுங்கள். பில்களைப் போட்டுக்கொண்டே வாருங்கள். தேவையான தொகை சேர்ந்ததும் போதும் என்று அறிவித்துவிடுங்கள். பூனை இறந்துவிட்டால் அதையும் சொல்லி, மீதிப் பணத்தை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கொடுத்தவர்களிடம் தெரிவியுங்கள்.

எவ்வளவு கேட்பது என்பது நோயைப் பொறுத்தது. எஃப்ஐபி என்று நாங்கள் சொல்லும், கொரோனா வகை வைரஸால் பூனைகளுக்கு வரும் நோய் சில ஆண்டுகளுக்கு முன்வரை ஏறக்குறைய மரண தண்டனையாக இருந்தது. இப்போது ஜிஎஸ்-441524 என்ற மருந்தால் பெரும்பாலான பூனைகள் தேறுகின்றன. வழக்கமான சிகிச்சை 84 நாட்கள், மருந்தின் அளவோ பூனையின் எடைக்கேற்பக் கணக்கிடப்படுவது. பெரும்பாலும் இளம் பூனைகளையே இந்த நோய் தாக்குகிறது. தேறத் தேற அவற்றின் எடை கூடும், மருந்தும் செலவும் கூடவே ஏறும், ஆகவே முதல் வாரச் செலவைப் பன்னிரண்டால் பெருக்கிக் கேட்டால் பாதி வழியில் பணம் தீர்ந்துவிடும்.

சிறுநீர் அடைப்பிலும் இதே கவனம் தேவை. டியூபை எடுத்து வீட்டுக்குப் போன பூனைக்குச் சில நாட்களிலோ வாரங்களிலோ மீண்டும் அடைப்பது உண்டு. திரட்டிய தொகையில் ஒரு பகுதியை அதற்கென்று ஒதுக்கி வையுங்கள். மருத்துவர் எழுதித் தரும் தனி உணவும் மலிவானதல்ல, அதன் விலையையும் எஸ்டிமேட்டிலேயே சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.