எந்த ஏரி மீன் என்று கேளுங்கள்

மீனில் எவ்வளவு உலோகம் சேர்ந்திருக்கிறது என்று அளக்கும் பரிசோதனைக் கூடத்தில், மீனை அறுக்க நாங்கள் எஃகுக் கத்தியைத் தொடுவதில்லை. எஃகிலுள்ள குரோமியமும் நிக்கலும் கணக்கைக் கெடுத்துவிடும் என்பதால் பீங்கான் கத்திதான். அரை கிராம் சதையை டெஃப்லான் குடுவையிலிட்டு, அடர் நைட்ரிக் அமிலம் ஊற்றி, இறுக மூடிச் சூடேற்றுவோம். ஆறிய பின் திறந்தால் சதை இருந்த சுவடே இருக்காது, தெளிந்த நீர்தான் நிற்கும். மீனிலிருந்த ஈயம், காட்மியம், பாதரசம் எல்லாம் அந்த நீருக்குள் அப்படியே இருக்கும்.

"மஞ்சள் போட்டுக் கழுவி, புளியில் நன்றாகக் கொதிக்கவிட்டால் போய்விடாதா தம்பி?" என்று எதிர்வீட்டு அக்கா கேட்டபோது இதைத்தான் சொன்னேன். அமிலத்தில் அழியாதது புளியில் அழியாது. வறுத்தாலும் ஈரம்தான் வற்றும், உலோகம் குறையாது. அவருடைய மகளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். பிள்ளைத்தாய்ச்சிக்கு உடம்பு தேறட்டும் என்று ஒன்றரைக் கிலோ விரால் வாங்கி வந்திருந்தார்.

விரால் சத்தான மீன்தான். ஆனால் அது மற்ற மீன்களைத் தின்று வளர்வது. ஏரியின் அடிச்சேற்றில், பிராணவாயு இல்லாத இடத்தில் வாழும் பாக்டீரியா பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகிறது. அது பாசியிலிருந்து பூச்சிக்கும், பூச்சியிலிருந்து சிறு மீனுக்கும் ஏறி, ஒவ்வொரு படியிலும் செறிந்து, கடைசியில் விரால், வாளை போன்றவற்றின் சதையில் தங்கிவிடுகிறது. மீன் பெரிதாக, வயதாக, அளவும் கூடும்.

கொடைக்கானலை நினைத்துக்கொள்ளுங்கள். பாதரசத்தால் சுற்றுப்புறத்தைக் கெடுத்த வெப்பமானித் தொழிற்சாலை அங்கே 2001-இல் மூடப்பட்டது. ஹைதராபாத் ஆய்வாளர்கள் கொடை ஏரி மீன்களைச் சோதித்து 2006-இல் வெளியிட்ட கட்டுரையில், கிலோவுக்கு 120 முதல் 290 மைக்ரோகிராம் வரை பாதரசம் இருந்தது. பொதுவாக மீனுக்கு நம் நாட்டு வரம்பு 500. வரம்புக்குள்தானே இருக்கிறது என்று பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அதில் நிம்மதி இல்லை. உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் அமைத்த நிபுணர் குழு 2003-இல் வைத்த அளவுப்படி, உடல் எடையில் கிலோவுக்கு வாரம் 1.6 மைக்ரோகிராம் மெத்தில் பாதரசம் வரைதான் போகலாம். 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது 80. மீன் சதையிலுள்ள பாதரசத்தில் பெரும்பங்கு இந்த வடிவம்தான். ஆக, 290 உள்ள மீனில் ஏறக்குறைய 275 கிராம் தின்றாலே அந்த வாரக் கணக்கு தீர்ந்தது. கருவிலிருக்கும் குழந்தையின் மூளையை மனத்தில் வைத்துப் போட்ட கணக்கு அது. மெத்தில் பாதரசம் நஞ்சுக்கொடியைக் கடந்துவிடும். தாயின் இரத்தத்தில் இருப்பதைவிடத் தொப்புள்கொடி இரத்தத்தில் கூடுதலாகவே இருக்கும்.

காட்மியத்தின் வழி வேறு. அது சதையைவிடக் கல்லீரலிலும் சிறுநீரகத்திலும்தான் அதிகம் சேரும். மீனின் வயிற்றைப் பிளந்தால், முதுகெலும்பை ஒட்டிக் கருஞ்சிவப்பாக ஒரு பட்டை ஓடும். உறைந்த இரத்தம் என்று நினைத்து விட்டுவிடுகிறோம், அதுதான் சிறுநீரகம். கட்டைவிரல் நகத்தால் சுரண்டினால் வந்துவிடும். செவுளையும் குடலையும் முழுதாக எடுத்துவிடுங்கள். குடல் எடுக்காமல் முழுதாகச் சமைக்கும் அயிரையை உப்புப் போட்டு மண்சட்டியில் உரசுவது மண்ணையும் வழுவழுப்பையும் நீக்கும், உடம்புக்குள் சேர்ந்ததை நீக்காது. அதனால் அயிரை எந்த நீரில் பிடித்தது என்பது மிக முக்கியம்.

மீனையே விட்டுவிடுங்கள் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. கர்ப்பிணிக்கு மீன் நல்லது. தோல் பதனிடும் ஆலை, சாயப்பட்டறை, குப்பைமேடு இவற்றின் கழிவு இறங்கும் ஏரி மீன் மட்டும் வேண்டாம். பெரிய விராலுக்குப் பதில் நடுத்தர அளவுக் கெண்டையோ கட்லாவோ வாங்குங்கள், ஒரே நீர்நிலை மீனையே வாரந்தோறும் வாங்காதீர்கள்.

அன்று விராலை வீட்டுப் பெரியவர்கள் சாப்பிட்டார்கள். மகளுக்கென்று அக்கா மறுநாள் அரைக் கிலோ கெண்டை வாங்கப் போனார். எந்த ஏரி என்று கேட்டதும் கடைக்காரர் விழித்தாராம். பிறகு மொத்த வியாபாரிக்குப் போன் போட்டு விசாரித்துச் சொன்னாராம்.