ச்சூஸ்: ஜெர்மானியர் விடைபெறும் சொல்

ஜெர்மன் மொழியில் நண்பர்களும் குடும்பத்தாரும் பிரியும்போது ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் சொல் ‘ச்சூஸ்’. ‘மீண்டும் காணும் வரை’ என்று பொருள்படும் ‘அவுஃப் வீடர்சேயன்’ முறைமைக்கு உரியது; ‘ச்சூஸ்’ உரிமைக்கு உரியது. முன்பு ‘நீ’ என்று அழைக்கத்தக்கவரிடம் மட்டுமே வழங்கிய இச்சொல்லை இன்று ஜெர்மனியின் பெரும்பகுதியில் ரொட்டிக்கடைக்காரரும் மருத்துவமனை வரவேற்பாளரும் ‘நீங்கள்’ என்று மரியாதையுடன் பேசி முடித்த கையோடு இயல்பாகச் சொல்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் மட்டும் பழைய கட்டுப்பாடு பெரிதும் நீடிக்கிறது. அங்கே அறிமுகமில்லாதவரிடம் இதைச் சொல்வது சற்று அத்துமீறலாகப் படும்.

இதன் முதல் ஒலி ‘பச்சை’ என்பதில் வரும் ‘ச்ச’ போன்றது. அதனால் வெறும் ‘சூஸ்’ என்று எழுதுவதைவிட ‘ச்சூஸ்’ என்று எழுதுவதே பொருந்தும், தமிழில் மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது என்ற விதியை இங்கே தளர்த்த வேண்டியிருந்தாலும். உயிரொலிக்குத் தமிழில் எழுத்தே இல்லை. உதடுகளை ‘ஊ’ சொல்வதுபோலக் குவித்துக்கொண்டு ‘ஈ’ என்று ஒலித்தால் அந்த ஒலி கிடைத்துவிடும். சிலர் அதை நீட்டியும் சிலர் குறுக்கியும் ஒலிப்பதால், இறுதியில் ஒற்றை ‘ஸ்’ இட்டும் இரட்டை ‘ஸ்’ இட்டும் எழுத ஜெர்மன் எழுத்து முறை இடம் தருகிறது.

சொல்லின் வேர் இலத்தீனில் இருக்கிறது. ‘இறைவனிடம்’ எனப் பொருள்படும் ‘அத் தேயும்’ என்னும் தொடர் பிரெஞ்சில் ‘அதியூ’ என்றும் ஸ்பானியத்தில் ‘அதியோஸ்’ என்றும் ஆனது. உன்னை இறைவனிடம் ஒப்படைக்கிறேன் என்பது அதன் உட்கருத்து. வட ஜெர்மனியின் கடலோரப் பேச்சுமொழியில் இது ‘அத்யூஸ்’ என்றும், பின்பு ‘அச்சூஸ்’ என்றும் வழங்கி, முதல் எழுத்தையும் இழந்து ‘ச்சூஸ்’ ஆயிற்று. ஸ்பானியச் சொல்லைக் கடலோடிகள் கொண்டுவந்தார்கள் என்பாரும், பெல்ஜியத்தின் வாலோனியப் பேச்சிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. எவ்வழியாயினும் மூலம் ஒன்றே. தென்மேற்கு ஜெர்மனியின் ஸ்வாபியப் பகுதியில் இன்றும் கேட்கும் ‘அதே’ என்ற விடைபெறும் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து இடைக்காலத்திலேயே வந்தது. கொலோன் நகரத்தார் சொல்லும் ‘ச்சோ’ என்பதும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆக, ஒரே இலத்தீன் தொடர் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு வாசல்கள் வழியே ஜெர்மனுக்குள் நுழைந்திருக்கிறது.

ஹாம்பர்க் போன்ற வடபகுதி நகரங்களின் சொல்லாக இருந்த ‘ச்சூஸ்’ கடந்த நூற்றாண்டில் தெற்கே பரவியபோது பவாரியாவில் எதிர்ப்பைச் சந்தித்தது. 2012இல் பாசாவ் நகரப் பள்ளி ஒன்று, ‘ஹலோ’வும் ‘ச்சூஸ்’ஸும் இல்லாத இடமாகத் தன்னை அறிவித்து, மாணவர்கள் ‘கிரூஸ் கோட்’ என்றும் ‘அவுஃப் வீடர்சேயன்’ என்றும் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. ‘கிரூஸ் கோட்’ என்பதில் ‘கோட்’ என்றால் கடவுள். மரியாதைக் குறைவு என்று விலக்கப்பட்ட ‘ச்சூஸ்’ஸுக்குள்ளும் அதே கடவுள் ஒளிந்திருப்பது அப்போது எத்தனை பேருக்கு நினைவு வந்ததோ! பவாரியர்களும் ஆஸ்திரியர்களும் நெருங்கியவரிடம் சொல்லும் ‘செர்வுஸ்’ இலத்தீனில் அடிமையைக் குறிப்பது; இத்தாலியிலிருந்து வந்த ‘ச்சாவ்’ என்பதும் வெனிஸ் பேச்சில் ‘உன் அடிமை’ என்ற பணிவுரையாகவே தொடங்கியது. வைணவர் ஒருவரையொருவர் கண்டதும் சொல்லும் ‘அடியேன்’ இவ்விரண்டுக்கும் சொல்லளவில் மிக நெருக்கமானது. ஆனாலும் ‘செர்வுஸ்’ஸை ‘அடியேன்’ என்று மொழிபெயர்த்தால் பீர்க்கடையில் பிரியும் இரு நண்பர்கள் திருக்கோயிலில் நிற்பவர்களாகிவிடுவார்கள். வேர்ப்பொருளைக் கொண்டு நிகர்ச்சொல் தேடக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

‘ச்சூஸ்’ஸுக்குத் தமிழில் ‘வரேன்’ என்பதே சரியான நிகர். எழுத்துவழக்கில் ‘வருகிறேன்’ அல்லது ‘போய் வருகிறேன்’. ஈழவழக்கில் ‘போயிட்டு வாறன்’. ‘போகிறேன்’ என்று மட்டும் சொல்வதை நம் வீடுகளில் அமங்கலமாகக் கருதுவார்கள் என்பதால் அதை இங்கே பயன்படுத்தலாகாது. ‘பிரியாவிடை’ என்பது விழாவின் பெயராக நிற்குமே தவிர, வாசற்படியில் யாரும் வாய்விட்டுச் சொல்லும் சொல் அன்று. ‘மீண்டும் சந்திப்போம்’ என்பதோ ‘அவுஃப் வீடர்சேயன்’ என்பதற்கே பொருந்தும்.

மொழிபெயர்ப்பவர் கவனிக்க வேண்டிய சிக்கல் வேறொன்று உண்டு. ஜெர்மனில் புறப்படுபவரும் வழியனுப்புபவரும் ஒரே ‘ச்சூஸ்’ஸைச் சொல்கிறார்கள்; தமிழில் ‘வரேன்’ என்பது புறப்படுபவருக்கு மட்டுமே உரியது, நிற்பவர் ‘சரி, போயிட்டு வா’ என்றோ ‘வாங்க’ என்றோதான் சொல்ல முடியும். எனவே கதையிலோ திரைப்பட வசனத்திலோ இச்சொல் வரும்போது யார் கிளம்புகிறார் என்பதைப் பார்த்தே தமிழாக்க வேண்டும். தொலைபேசியில் யாரும் எங்கும் போவதில்லை. அங்கே ‘ச்சூஸ்’ என்பதற்கு ‘வச்சிடறேன்’ என்பதே தமிழ். குழந்தைகளிடம் கொஞ்சலாகச் சொல்லும் ‘ச்சூஸி’ என்ற வடிவத்துக்கு, தமிழ்ச்சொல் அன்று என்றாலும், ‘டாட்டா’வைவிடப் பொருத்தமானது எதுவும் எனக்குத் தோன்றவில்லை.